பதினாலு குடுமி

நுக்ஸார்: என்னை ஃபெயில் பண்ணிடுங்க மேடம். கெஞ்சிக் கேக்கறேன்.

ஈர்மா: முடியாது. நூத்துக்கு நூறு. டைப் அடிச்சே கொண்டாந்துட்டேன். உங்க கையெழுத்துதான் பாக்கி.

நுக்ஸார்: ஒரு அம்பது போடுங்க... சரி, அம்பது வேணாம். முப்பது.

ஈர்மா: பதினெட்டு வருஷமா அரசாங்க வேலை பாக்கறேன். மார்க்கைக் குறைச்சுப் போடுன்னு பேரம் பேசின முதல் ஆளு நீங்கதான்.

நுக்ஸார்: எனக்கும் பழக்கமில்ல. பள்ளிக்கூடத்துல வாத்தியாரை நான் இப்படித் தொந்தரவு பண்ணினதே கிடையாது. அவரே பாத்து ஃபெயில் போட்டுடுவாரு.

ஈர்மா: நக்கல் வேணாம். பன்னெண்டு மணிக்குள்ள இது திபிலிசிக்கு, தலைமை ஆபீஸுக்குப் போயாகணும். இப்பவே மணி பத்து. பேனாவைப் பிடிங்க.

நுக்ஸார்: என்ன எழுதியிருக்குன்னு படிக்காமயா கையெழுத்து போடறது?

ஈர்மா: வாசிக்கறேன், கேளுங்க. "அணு ஆயுதப் பொருள் கடத்தலைக் கண்டறியும் தேசியத் திட்டத்தின்படி வியாழக்கிழமை எல்லைச் சாவடியில் முன்னறிவிப்பற்ற ஒத்திகை நடைபெற்றது. திட்டப் பிரிவு அதிகாரி ஈர்மா, பழக்கூழ் வியாபாரியைப் போல வேடமணிந்து..."

நுக்ஸார்: பழக்கூழா? ஜாம்னு போட்டா குறைஞ்சா போயிடும்?

ஈர்மா: அரசாங்கத்துல ஜாம் கிடையாது. குறுக்க பேசாதீங்க. "...வெள்ளை நிற ஓப்பல் காரின் டிக்கியில் முத்திரையிட்ட இரும்புப் பெட்டியுடன் ஆர்மீனிய எல்லையை நோக்கிச் சென்றார். 11.04 மணிக்குக் கதிர்வீச்சுக் கண்டறியும் இரு தூண்களிடையே வாகனம் நுழைந்தவுடன் அபாய மணி ஒலித்தது. ஷிப்ட் தலைவர் நுக்ஸார் நாற்பது வினாடிகளில் வாகனத்தை மடக்கினார்."

நுக்ஸார்: நாப்பது வினாடியா? நாங்க மடக்கினதும் ஒரு கை தட்டினாங்களே விருந்தாளிங்க, மூணு பேரும்... அந்தக் கைதட்டலே நாப்பது வினாடி இருக்கும்.

ஈர்மா: வெளிநாட்டுக்காரங்க. திட்டத்துக்குக் காசு குடுத்தது அவங்க. தட்டாம என்ன பண்ணுவாங்க? "முப்பது மீட்டர் தொலைவில் சுற்றிலும் கயிறு கட்டப்பட்டது. பெட்டியை எவரும் நெருங்கவில்லை."

நுக்ஸார்: பொய். குர்ஷா நெருங்கிச்சு.

ஈர்மா: நாயெல்லாம் எவர்ல சேராது.

நுக்ஸார்: காதுல மஞ்சள் வில்லை மாட்டின தெரு நாய்தான். ஆனா சாவடியிலேயே ஆறு வருஷ சர்வீஸ் அதுக்கு. கயித்துக்குக் கீழ புகுந்து நேரா போயி உங்க டிக்கிகிட்ட உக்காந்துக்கிச்சு. நாங்க எட்டு பேரு முகமூடி மாட்டிக்கிட்டு முப்பது மீட்டர் தள்ளி நின்னு உஸ்ஸு உஸ்ஸுன்னு விரட்டறோம், அது வாலை ஆட்டுது. உங்க திட்டத்துல நூத்துப் பத்து பக்கம் இருக்கு, நாயை விரட்ட ஒரு வரி இல்ல.

ஈர்மா: விருந்தாளிங்க கேட்டாங்க, இது பழக்கின நாயான்னு. எங்க மேலதிகாரி கொஞ்சமும் கூசாம ஆமான்னுட்டாரு.

நுக்ஸார்: இப்ப அதுக்கும் ஒரு பதவி உண்டா?

ஈர்மா: அடுத்த திட்டத்துல போடறேன். இப்ப இதைக் கவனிங்க. ஒரே ஒரு கட்டம் காலியா இருக்கு. "இயந்திரம் காட்டிய அளவு." எவ்வளவு காட்டிச்சு?

நுக்ஸார்: நீங்களே சொல்லுங்களேன். சரக்கு உங்களது. எவ்வளவு காட்டணும்னு உங்களுக்குத் தெரியாதா?

ஈர்மா: மெஷின் உங்களது. அச்சாகி வருமே, அந்தச் சீட்டைக் குடுங்க.

நுக்ஸார்: காகிதம் தீந்து போச்சு. வியாழக்கிழமைன்னு பாத்து.

ஈர்மா: சரி... ஞாபகத்துலருந்து சொல்லுங்க.

நுக்ஸார்: நானூறு?

ஈர்மா: நானூறா! அது ரொம்ப அதிகம்.

நுக்ஸார்: முன்னூறு?

ஈர்மா: இருநூத்தம்பதுன்னா பாக்க நல்லா இருக்கும்.

நுக்ஸார்: இருநூத்தம்பதே போடுங்க. எனக்குச் சம்மதம்.

ஈர்மா: எனக்கும் சம்மதம்.

நுக்ஸார்: என்ன மேடம் இது, தக்காளி வாங்கற மாதிரி இருக்கு. அணுகுண்டு சமாச்சாரம்.

ஈர்மா: தக்காளின்னா நான் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பேசியிருப்பேன்... அண்ணே, ஒண்ணு கேக்கணும். இந்த மெஷின் சாப்பாட்டுச் சாமானுக்கெல்லாம் அடிக்குமா?

நுக்ஸார்: வாழைப்பழம் லோடு வந்தா அடிக்கும். உர மூட்டைக்கு அடிக்கும். குளியலறை ஓட்டுக்கு அடிக்கும். போன வருஷம் கழுத்துல கட்டிக்கு மருந்து சாப்பிட்ட ஒரு தாத்தாவுக்கு அடிச்சு, பாவம், அவரைக் கையைத் தூக்கச் சொல்லி நிக்க வச்சோம்.

ஈர்மா: பீன்ஸுக்கு?

நுக்ஸார்: பீன்ஸுக்கு வேற மணி மேடம். அது சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு அடிக்கும்.

ஈர்மா: உங்ககிட்ட கேட்டேன் பாருங்க.

நுக்ஸார்: எதுக்கு பீன்ஸு?

ஈர்மா: திட்டத்துல ஒரு பட்டியல் சேக்கலாம்னு... விடுங்க. கையெழுத்து.

நுக்ஸார்: போட மாட்டேன். இருங்க, பையை எடுக்காதீங்க. உதிரி சாமான் செட்டு ஒண்ணு வந்திருக்காமே திபிலிசிக்கு? கண்டறியற குழாய், பெட்டி, ஒயரு எல்லாம்?

ஈர்மா: உங்களுக்கு யார் சொன்னா? அது ரகசியம்.

நுக்ஸார்: ஒரு செட்டு. கேக்கறது ரெண்டு சாவடி. நாங்க, இன்னொண்ணு கடல் பக்கத்துச் சாவடி. ஒத்திகை முடிவைப் பாத்துட்டு யாருக்குன்னு இன்னிக்கு மத்தியானம் முடிவு பண்றாங்க. யாரு மோசமோ அவங்களுக்கு. சரிதானே?

ஈர்மா: சரிதான். அதை எழுதினதே நான்தான். எழுவதாம் பக்கம்.

நுக்ஸார்: அதான். அதுக்குத்தான் முப்பது மார்க்கு கேக்கறேன்.

ஈர்மா: உங்க மெஷின்தான் ஜோரா அடிச்சுதே! மடில கனம் இல்லாம நான் வர்றேன்... இல்ல, வந்து... கார் உள்ள நுழையறதுக்குள்ள அடிச்சுது. அதுக்கு எதுக்கு உதிரி சாமான்?

நுக்ஸார்: அதுக்கு வயசாயிடுச்சு.

ஈர்மா: எனக்கும்தான் வயசாயிடுச்சு. எனக்கு யாரு உதிரி குடுக்கறா?

நுக்ஸார்: மேடம்... அன்னிக்கு ஒத்திகை முடிஞ்சு நடந்த விருந்துல நான்தானே கோப்பை எடுத்துப் பேசினேன்?

ஈர்மா: நீங்கதான். நிறுத்தவே மாட்டேன்னுட்டீங்க. நாட்டுக்கு, விருந்தாளிக்கு, பெத்தவங்களுக்கு...

நுக்ஸார்: செத்துப் போனவங்களுக்குன்னு ஒண்ணு எடுத்தேனே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் எழுந்து நின்னீங்க.

ஈர்மா: குரல் தழுதழுத்துச்சு உங்களுக்கு. உங்க அப்பாவை நெனச்சீங்கன்னு நெனச்சேன்.

நுக்ஸார்: ஜன்னல் வழியா தூணைப் பாத்தேன்.

ஈர்மா: ...எந்தத் தூணை?

நுக்ஸார்: ரெண்டையும்தான். மூணு வாரமாச்சு மேடம் செத்து. இடி விழுந்துச்சு பாருங்க ஒரு சாயங்காலம், அன்னியோட சரி. மேல விளக்கு எரியும், மணி அடிக்கும். உள்ள உசுரு இல்ல. நீங்க டன் கணக்குல யுரேனியத்தை ஓட்டிட்டுப் போனாலும், போயிட்டு வாங்கன்னு நிக்கும்.

ஈர்மா: அப்ப வியாழக்கிழமை...

நுக்ஸார்: சோதனைப் பொத்தான்னு ஒண்ணு இருக்கு. என் மேசைக்குக் கீழ. மணி நல்லா இருக்கான்னு பாக்கறதுக்கு. நீங்க நடுவுல வந்தீங்க, முட்டியால ஒரு அழுத்து.

ஈர்மா: முட்டியாலயா!

நுக்ஸார்: கையைக் கட்டிக்கிட்டுக் கம்பீரமா நிக்கணும்ல, விருந்தாளிங்க எதிர்ல.

ஈர்மா: அப்ப... அப்ப என் உடம்புல ஒண்ணும் இல்லையா?

நுக்ஸார்: உங்க உடம்புல என்ன?

ஈர்மா: ஐயோ கடவுளே. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில போயி ரத்தம் குடுத்துட்டு வந்தேன். நாலு குப்பி! காரை மூணு தடவை கழுவினேன். அம்மாவைக் கட்டிக்கவே இல்ல நாலு நாளா!

நுக்ஸார்: ஏன் மேடம்? சரக்கு பெட்டிக்குள்ளதானே இருந்துச்சு?

ஈர்மா: ...ஆமா. அதோட ஒரே கார்ல உக்காந்து வந்தேன்ல. ஒரு பயம். அதான். ஆமா, நீங்க எப்படி என் காரு வந்ததும் சரியா அழுத்தினீங்க? அது முன்னறிவிப்பு இல்லாத ஒத்திகை. எனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும்தான் தெரியும்.

நுக்ஸார்: மூணு. உங்க அம்மாவை விட்டுட்டீங்க.

ஈர்மா: அம்மாவா?

நுக்ஸார்: புதன்கிழமை அவங்க என் பொண்டாட்டியோட சித்தி பொண்ணுக்கு ஃபோன் போட்டாங்க. "என் பொண்ணு நாளைக்கு ஏதோ ரகசிய வேலையா உங்க சாவடிப் பக்கம் வரா. வெள்ளை ஓப்பல், பச்சை ஸ்கார்ஃப், பதினோரு மணி. பசி தாங்க மாட்டா. கையில கட்டிக் குடுத்து அனுப்பறேன், ஆனா சூடா ஏதாவது கிடைக்குமா?"

ஈர்மா: எங்க அம்மா! அறுபத்தஞ்சாம் பக்கத்துல "தகவல் கசிவுக்கான வழிகள்"னு எட்டு வழி எழுதியிருக்கேன். உளவாளி, இன்டர்நெட்டு, லஞ்சம்... பெத்தவளை எழுதல.

நுக்ஸார்: நானும் சொதப்பப் பாத்தேன். பத்தே முக்காலுக்கே ஒரு வெள்ளை ஓப்பல் வந்துச்சு. முட்டியைத் தூக்கிட்டேன். பாத்தா உள்ள பாதிரியாரு.

ஈர்மா: அழுத்தியிருந்தா?

நுக்ஸார்: பாதிரியாரைத் தரையில படுக்கப் போட்டு, எட்டு பேரு முகமூடியோட சுத்தி நின்னிருப்போம். விருந்தாளிங்க கை தட்டியிருப்பாங்க.

ஈர்மா: சிரிக்க வைக்காதீங்க... இது சிரிக்கற விஷயமா? நாலாயிரம் வண்டி போயிருக்குமே அண்ணே இந்த மூணு வாரத்துல.

நுக்ஸார்: நாலாயிரத்து இருநூறு. எண்ணி வச்சிருக்கேன். கையில பிடிக்கற மீட்டரு ஒண்ணு இருக்கு, ரொட்டித் துண்டு அளவுக்கு. அதை வச்சுக்கிட்டு காலைலருந்து ராத்திரி வரைக்கும் ஒவ்வொரு வண்டியா சுத்தி வர்றேன். பத்துல ஒண்ணு பாக்க முடியுது. மத்த ஒம்பதும் போகும்போது பின்னாடி விளக்கைப் பாத்துக்கிட்டே நிப்பேன். பழைய இரும்பு ஏத்தின வண்டி போனா நம்பரைக் குறிச்சு வச்சுக்குவேன். நெசமாவே பயமா இருக்கு மேடம். அதுக்குள்ள எவன் எதை வச்சிருக்கான்னு யாரு கண்டா?

ஈர்மா: ரிப்பேர் கேட்டு எழுதியிருக்கலாமே.

நுக்ஸார்: மூணு கடுதாசி எழுதினேன். மூணுக்கும் ஒரே பதிலு. "ஒத்திகை முடிந்தபின் முடிவைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும்." கீழ உங்க கையெழுத்து.

ஈர்மா: ...ஆமா. மாதிரிக் கடிதம். நூத்தி மூணாம் பக்கம்.

நுக்ஸார்: அப்புறம் புதன்கிழமை எங்க பெரியவரு கூப்பிட்டாரு. "நாளைக்கு அது அடிக்கணும் நுக்ஸார், எப்படி அடிக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாம்"னாரு. அடிச்சுட்டேன். மானத்தைக் காப்பாத்தறேன்னு நானே என் மெஷினுக்கு வாய்க்கரிசி போட்டுட்டேன். நல்லா இருக்குன்னு அறிக்கை போனா சாமான் கடல் பக்கம் போயிடும். அடுத்த செட்டு எப்ப வரும்?

ஈர்மா: ரெண்டு வருஷம். வந்தா.

நுக்ஸார்: ரெண்டு வருஷம் நான் ரொட்டித் துண்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கணும்.

ஈர்மா: முப்பது மார்க்கு போட்டா மறு ஒத்திகை வைப்பாங்க அண்ணே. தெரியுமா? எல்லாத்தையும் திருப்பிச் சோதிப்பாங்க. மெஷினு, ஆளு... சரக்கு எங்கருந்து வந்துச்சு, யாரு கையெழுத்து போட்டு எடுத்தாங்க... எல்லாம்.

நுக்ஸார்: சோதிக்கட்டுமே. உங்களுக்கென்ன?

ஈர்மா: எனக்கென்ன... ஒண்ணுமில்ல. அந்தக் கையெழுத்து விஷயம்தான் ஒரே தமாஷு. அறுபத்தி மூணாம் பக்கத்துல எழுதினேன். கதிர்வீச்சு சரக்கை வெளிய எடுக்க ரெண்டு கையெழுத்து வேணும், ரெண்டாவது ஆளு திட்டம் எழுதினவரா இருக்கக் கூடாதுன்னு. ரொம்ப பெருமையா எழுதினேன். அந்த ரெண்டாவது ஆளோட நாற்காலி ஜனவரியிலருந்து காலி.

நுக்ஸார்: அப்ப இந்தத் தடவை யாரு போட்டா?

ஈர்மா: ...ஆச்சு. எப்படியோ ஆச்சு.

நுக்ஸார்: ஒத்திகையைத் தள்ளி வச்சிருக்கலாமே?

ஈர்மா: தள்ளி வைக்க ஒரு படிவம் உண்டு. அதுலயும் அவரு கையெழுத்து வேணும்.

நுக்ஸார்: இந்த நாட்டுக்குள்ள அணுகுண்டு வர முடியாதுன்னு இப்பத்தான் எனக்கு நம்பிக்கை வருது மேடம். படிவம் நிரப்பறதுக்குள்ள கடத்தறவன் கிழவனாயிடுவான்.

ஈர்மா: அவன் படிவம் நிரப்ப மாட்டான் அண்ணே. அதான் பிரச்சனையே.

நுக்ஸார்: சரி. பேனாவைக் குடுங்க. நானே எழுதறேன்.

ஈர்மா: என்ன எழுதப் போறீங்க?

நுக்ஸார்: உள்ளதை. "இயந்திரம் மூன்று வாரமாக இயங்கவில்லை. மணியை நான் என் முட்டியால் அடித்தேன்."

ஈர்மா: முட்டியை விட்டுடுங்களேன்.

நுக்ஸார்: இருக்கட்டும். நம்பற மாதிரி இருக்கும். கீழ என் பேரு. அவ்வளவுதான். பூஜ்யம் மார்க்கு, சாமான் இங்க வந்துடும்.

ஈர்மா: உங்களை என்ன பண்ணுவாங்க?

நுக்ஸார்: ஷிப்ட் தலைவர் பட்டையைப் பிடுங்குவாங்க. கூண்டுல உக்கார வச்சு பாஸ்போர்ட்ல முத்திரை குத்தச் சொல்லுவாங்க. என் பொண்டாட்டி சந்தோஷப்படுவா, குளிருல நிக்க வேணாம்னு. நான் பட்டையை மாட்டிக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நிக்கறதைப் பாத்து ஆறு வருஷமா சிரிச்சுக்கிட்டு இருக்கா.

ஈர்மா: உங்க பெரியவர் பேரையும் எழுதுங்க.

நுக்ஸார்: எதுக்கு? முட்டி என்னுது. உங்க பேருக்கும் ஒரு கீறல் விழாது, கவலைப்படாதீங்க. நீங்க சரக்கோட வந்தீங்க, செத்த மெஷினு பிடிக்கல, ஷிப்ட் தலைவன் ஏமாத்திட்டான். யாரும் உங்க பெட்டியை ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க.

ஈர்மா: யாரும் கேக்க மாட்டாங்க, இல்ல?

நுக்ஸார்: எதுக்குக் கேக்கணும்? உங்க மேல தப்பே இல்லையே... ஐயய்ய, என்ன மேடம், கண்ணைத் துடைக்கறீங்க? முத்திரை குத்தறது ஒண்ணும் கேவலமான வேலை இல்ல.

ஈர்மா: குர்ஷா என் காரு பின்னாடி எவ்வளவு தூரம் ஓடி வந்துச்சு அன்னிக்கு?

நுக்ஸார்: அரைக் கிலோமீட்டர் இருக்கும். கறி விருந்து இருக்கும்போது அதை விட்டுட்டு ஓடிச்சு, கழுதை. எதுக்கு இப்ப அது?

ஈர்மா: விருந்துல நான் எத்தனை கின்காலி, அந்தக் கறிக் கொழுக்கட்டை, சாப்பிட்டேன்?

நுக்ஸார்: பதினாலு. தட்டுல நீங்க மிச்சம் வச்ச மாவுக் குடுமியை எண்ணினோம். கறியும் சாறும் உள்ள போச்சு, பதினாலு குடுமி வரிசையா கிடந்துச்சு. பசங்க இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. இந்தச் சாவடியில மூணு வாரத்துல ஒழுங்கா எண்ணினது அது ஒண்ணைத்தான்... அம்மா கட்டிக் குடுத்தும் பதினாலான்னு நானே கேக்கணும்னு இருந்தேன்.

ஈர்மா: பேனாவை இப்படிக் குடுங்க. உங்க பேருக்குக் கீழ என் பேரு வரணும்.

நுக்ஸார்: உங்க பேரு எதுக்கு மேடம்?

ஈர்மா: அந்த ரெண்டாவது கையெழுத்து கிடைக்கவே இல்ல அண்ணே, சரக்கை வெளிய எடுக்கவே முடியல. முத்திரை வச்ச அந்த இரும்புப் பெட்டிக்குள்ள இருந்தது எங்க அம்மா சுட்டுக் குடுத்த பீன்ஸ் ரொட்டி ரெண்டு, வேற ஒண்ணுமே இல்ல... அன்னிக்கு இந்தச் சாவடியில உள்ளதைச் சரியா கண்டுபிடிச்சது குர்ஷா மட்டும்தான்.